பலகைக்குக் கீழே இருந்த பள்ளம்: ஒரு விபத்து இழப்பீட்டுச் சட்ட அலுவலகத்தின் சேவை குறித்து

கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்த இடத்தை ஒட்டிய நடைபாதையில் விழுந்து கணுக்கால் முறிந்த நான், இழப்பீடு கோருவதற்காக ஒரு சட்ட அலுவலகத்தின் சேவையைப் பதினான்கு மாதங்கள் பெற்றேன். கோரிக்கை நீதிமன்றப் படியேறாமலே சமரசத்தில் முடிந்தது. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதாலும், அவர்கள் தரப்பு விளக்கத்துக்கு இங்கே வழியில்லை என்பதாலும் அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்தும் தருவேன். கடைசி ஆறு மாதங்களுக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. இத்தகைய அலுவலகங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கைக்கு வந்த தொகையை வைத்தே நல்லது கெட்டது சொல்கிறார்கள். தொகை, காயத்தின் கடுமையையும் எதிர்த்தரப்பின் காப்பீட்டையும் பொறுத்தது. அலுவலகத்தின் திறமை வேறிடத்தில் தெரிகிறது என்பதே என் அனுபவம்.

விபத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாலை மங்கி இருள் சூழ்ந்த நேரம். கட்டடத்துக்கு மின்கேபிள் கொண்டுவருவதற்காக நடைபாதையின் குறுக்கே தோண்டிய பள்ளத்தை ஓர் ஒட்டுப்பலகையால் மூடியிருந்தார்கள். பலகை எதனோடும் இணைக்கப்படவில்லை. அருகில் விளக்கு இல்லை. எச்சரிக்கை நாடா ஒரு முனையில் அவிழ்ந்து தரையில் கிடந்தது. பலகையின் ஓரத்தில் கால் பட்டதும் மறுமுனை மேலே எழும்பியது, வலது கால் உள்ளே போனது. கணுக்காலின் இருபுறமும் முறிவு. அறுவை சிகிச்சையில் ஓர் உலோகத் தகடும் ஆறு திருகாணிகளும் வைத்தார்கள்.

மறுநாள் காலை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அந்த அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர் முதலில் என் காயத்தை விசாரித்து ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பலகை இன்னும் அங்கேயே இருக்கிறதா?" என்பதுதான். அப்போது எனக்கு அது கொஞ்சம் கல்மனமாகப் பட்டது. பிற்பாடு அந்த ஒரு கேள்விக்காகவே அவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. அன்று மதியமே அவர்களுடைய களப்பணியாளர் ஒருவர் சென்று பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றை அளவுநாடாவை வைத்துப் படமெடுத்தார். அதோடு நில்லாமல், நான் விழுந்த அதே மாலை நேரத்தில் மீண்டும் சென்று, நடந்து வருபவரின் கண்மட்டத்திலிருந்து அந்தப் பலகை எப்படித் தெரிகிறது, அல்லது எப்படித் தெரியாமல் போகிறது என்பதையும் பதிவு செய்தார். அதற்கடுத்த நாள் காலையில் அந்த ஒட்டுப்பலகை அங்கே இல்லை. அதன் இடத்தில் கனமான இரும்புத் தகடு போல்ட் முடுக்கி வைக்கப்பட்டிருந்தது. இருபத்துநான்கு மணி நேரம் தாமதித்திருந்தால், நான் விழுந்ததற்குச் சாட்சியாக என் கால் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இரண்டாம் நாளே ஆவணப் பாதுகாப்புக் கடிதம் ஒன்றை அனுப்பினார்கள். எதிரே உள்ள கண்காணிப்புக் கேமராக்களின் பதிவு, பணியிட நாட்குறிப்பு, நடைபாதையைத் தோண்டப் பெற்ற அனுமதி, துணை ஒப்பந்தங்கள், அன்றைய பணியாளர் வருகைப் பதிவு ஆகிய எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்று அந்தக் கடிதம் பெயர் சொல்லி, தேதி சொல்லிக் கேட்டது. கேமராப் பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தாமாகவே அழிந்து, அவற்றின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். வழக்குத் தொடுத்த பிறகு நீதிமன்றம் வழியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் அதற்குள் கேட்பதற்கு எதுவும் இருக்காது. கடிதம் கிடைத்த பிறகும் அழித்தால், அதை வைத்தே எதிர்த்தரப்புக்குப் பாதகமான முடிவுக்கு வர நீதிமன்றத்தைக் கோரலாம் என்று வழக்கறிஞர் விளக்கினார்.

பலகை இருந்த இடத்தில் இரும்புத் தகடு வந்ததைக் கண்டதும், "இதோ, தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்" என்று நான் துள்ளினேன். வழக்கறிஞர் என்னை அமைதிப்படுத்தினார். விபத்துக்குப் பிறகு செய்த சீர்திருத்தத்தைத் தவறுக்கான சான்றாக எல்லா நீதிமன்றங்களும் ஏற்பதில்லை. அப்படி ஏற்றால் யாருமே பள்ளத்தை மூட முன்வரமாட்டார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் சாட்சிய விதிகளில் 407ஆம் விதி இதையே சொல்கிறது. ஆனால் அதே விதி, அந்த இடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பதில் தகராறு எழுந்தால், அதை நிறுவுவதற்கு அந்தச் சான்றைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. தகட்டைப் பொருத்த வந்தவர்கள் அணிந்திருந்த சட்டையில் முதன்மை ஒப்பந்ததாரரின் சின்னம் இருந்ததைக் களப்பணியாளர் படம் பிடித்திருந்தார். பின்னால் அந்தப் படம் எவ்வளவு வேலை செய்தது என்பதைச் சொல்கிறேன்.

இந்த வகைக் கோரிக்கையின் கடினமான பகுதி, யார்மீது கோருவது என்பதுதான். சாலை விபத்தில் மோதிய வண்டி கண்முன்னே நிற்கும். கட்டுமானத் தளத்திலோ நிலத்தின் உரிமையாளர், முதன்மை ஒப்பந்ததாரர், அவரிடம் வேலை எடுத்த துணை ஒப்பந்ததாரர், சாரமோ தடுப்போ வாடகைக்குக் கொடுத்தவர், நடைபாதையைத் தோண்ட அனுமதித்த உள்ளாட்சி அமைப்பு என ஒருவர் பின்னால் ஒருவர் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. கேபிள் பதிக்கும் வேலையைத் தனியாக ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டதால் தமக்குப் பொறுப்பில்லை என்று முதன்மை ஒப்பந்ததாரர் எழுதினார்; வேலையை முடித்து இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகத் துணை ஒப்பந்ததாரர் எழுதினார்.

இதற்கு அலுவலகம் எழுதிய பதில் கடிதம் இந்தச் சேவையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. அதை எழுதிய மூத்த வழக்கறிஞர், எனக்குப் புரியும்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கவும் செய்தார். சுயேச்சையான ஒப்பந்ததாரரிடம் வேலையைக் கொடுத்தவர், அந்த ஒப்பந்ததாரரின் கவனக்குறைவுக்குப் பொதுவாகப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகளில் பொது விதி. பொதுமக்கள் நடமாடும் பாதையிலேயே ஆபத்தை உண்டாக்கக்கூடிய வேலை என்றால் அந்த விதி தளர்ந்துவிடுகிறது. உதாரணமாக, இங்கிலாந்தில் விம்பிள்டன் நகர மன்றம் சாலை அமைக்கும் வேலையை ஓர் ஒப்பந்ததாரரிடம் கொடுத்தது. அவர் விளக்கில்லாமல் விட்டுச்சென்ற மண்குவியலில் இருட்டில் நடந்து வந்தவர் இடறி விழுந்தார். வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டோம் என்ற மன்றத்தின் வாதத்தை 1899ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டில், தொலைபேசிக் கம்பி பதிக்கும்போது ஈயம் உருக்கும் விளக்கு வெடித்துத் தெருவில் போனவர்மீது சூடான ஈயம் தெறித்த வழக்கிலும் இதே முடிவு. வேலையைக் கைமாற்றலாம், பாதையில் போகிறவருக்கான கடமையைக் கைமாற்ற முடியாது என்பது இவற்றின் சாரம். இரும்புத் தகட்டைப் பொருத்தியவர்களின் படத்தையும் இந்தத் தீர்ப்புகளையும் ஒரே உறையில் வைத்து அனுப்பினார்கள். "இடம் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்ற வாக்கியம் அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் இல்லை.

இந்தச் சிந்தனை நூறாண்டுப் பழமை மட்டும் கொண்டதன்று என்பதையும் அவரிடமிருந்துதான் அறிந்தேன். பலமாடிக் கட்டடங்கள் நெருங்கி நின்ற பண்டை ரோமில், வீட்டிலிருந்து எறிந்த அல்லது கொட்டிய பொருள் தெருவில் போகிறவரைத் தாக்கினால், எறிந்தவர் யார் என்று நிறுவ வேண்டிய அவசியமில்லை. அந்த இடத்தில் குடியிருப்பவரே பொறுப்பு. வழியின் மேல் விழுந்து தீங்கு செய்யக்கூடிய பொருளை வைத்திருந்தாலே, அது விழுவதற்கு முன்பே வழக்குத் தொடுக்க இன்னொரு விதி இடம் கொடுத்தது. கீழே போகிறவருக்கு மேலே நடப்பதைக் கண்டறிய வழியில்லை என்பதை அவர்கள் அப்போதே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

மேலிருந்து செங்கல்லோ குழாயோ விழுந்து காயமுற்றவர்களுக்கு என் நிலையைவிட ஒரு வகையில் சாதகம் அதிகம். 1863ஆம் ஆண்டில், ஒரு கிடங்கின் மேல்தளத்திலிருந்து மாவுப் பீப்பாய் விழுந்து வழிப்போக்கர் காயமடைந்த வழக்கில், பீப்பாய் தானாக உருண்டு விழாது, யாரோ கவனக்குறைவாக இருந்ததால்தான் விழுந்திருக்கும் என்று இங்கிலாந்து நீதிமன்றம் கருதியது. நடந்ததை விளக்க வேண்டிய சுமை கிடங்குக்காரர் பக்கம் சாய்ந்தது. 'நிகழ்வே பேசும்' என்று சட்டம் படித்தவர்கள் குறிப்பிடும் கொள்கை இதுதான். தில்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து மக்கள் இறந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் 1966ஆம் ஆண்டில் இதைப் பயன்படுத்தி, பொதுவழியை ஒட்டிய கட்டுமானத்தின் உரிமையாளர், வெளியே தெரியாத பழுதுக்கும் பொறுப்பாவார் என்று தீர்ப்பளித்தது. என் வழக்கில் பொருள் என்மீது விழவில்லை, நான்தான் விழுந்தேன். எனவே பலகை எப்படி இருந்தது, எத்தனை நாட்களாக அப்படி இருந்தது என்பவற்றையெல்லாம் நாங்கள்தான் நிறுவ வேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காகக் கொள்கைகளைப் பெரிதாக்கிக் காட்டும் அலுவலகம் ஒன்றையும் முன்பு பார்த்திருக்கிறேன். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய நேர்மை.

காப்பீட்டு நிறுவனத்தின் முதல் கடிதம் நான் எதிர்பார்த்தபடியே வந்தது. நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கலாம் என்றும், தளத்தின் வாயிலில் 'எச்சரிக்கை' என்ற பலகை இருந்தது என்றும் அது சொன்னது. காயமடைந்தவரின் பங்குக் கவனக்குறைவு என்ற இந்த வாதத்தின் எடை, விபத்து நடந்த இடத்தின் சட்டத்தைப் பொறுத்துத் தலைகீழாக மாறும். இங்கிலாந்தில் 1945ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, காயமடைந்தவரின் பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையுமே தவிர, கோரிக்கை அடியோடு அழிந்துபோகாது. அமெரிக்காவில் அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் காயமடைந்தவரிடம் சிறிதளவு தவறு இருந்தாலும் கோரிக்கை முழுவதுமே விழுந்துவிடலாம். ஆகவே, "நானும் கொஞ்சம் கவனிக்கவில்லை" என்று மரியாதைக்காகக் காப்பீட்டு அதிகாரியிடம் தொலைபேசியில் சொல்லும் ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தோடு நான் நேரடியாகப் பேசக் கூடாது என்று முதல் நாளே எழுத்தில் அறிவுறுத்தியிருந்தார்கள். கைபேசி குறித்த ஐயத்துக்கு, அந்த நேரத்தின் அழைப்புப் பதிவையும் பயன்பாட்டுப் பதிவையும் நாங்களாகவே முன்வந்து கொடுத்தோம்.

வாயிலில் இருந்த எச்சரிக்கைப் பலகை என்ற வாதத்தை, அலுவலகத்தார் ஒரு பழைய லண்டன் வழக்கைக் காட்டி எதிர்கொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. பார்வையற்ற ஒருவர், கைத்தடியோடு தனியாக வேலைக்குச் செல்லும் வழியில், லண்டன் மின்வாரியம் தோண்டிய பள்ளத்தில் விழுந்து செவித்திறனை இழந்தார். பள்ளத்துக்கு முன்னால் நீண்ட கைப்பிடி கொண்ட சம்மட்டி போன்ற கருவியைத் தொழிலாளர்கள் சாய்த்து வைத்திருந்தனர். கண் தெரிந்தவருக்கு அது போதுமான எச்சரிக்கை. அவருடைய தடிக்கோ அது தட்டுப்படவில்லை. லண்டனில் ஏறத்தாழ ஐந்நூறு பேருக்கு ஒருவர் பார்வையற்றவர் என்ற விவரத்தையும் கருத்தில் கொண்ட பிரபுக்கள் சபை (அன்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றம்), அவர்களும் அந்தப் பாதையில் வருவார்கள் என்பதை மின்வாரியம் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று 1964ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நடைபாதை யாருக்காக இருக்கிறதோ அவர்கள் எல்லோரையும் மனத்தில் வைத்தே பாதுகாப்பு செய்ய வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தரையைப் பார்க்க முடியாமல் நடப்பவர், முதியவர் எல்லோரும் அதில் அடக்கம். ஒரு பலகையை எழுதி வைப்பது வேறு, பள்ளத்தை உறுதியாக மூடுவது வேறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டுக் கட்டுமானப் பாதுகாப்பு உடன்படிக்கையான 167, தொழிலாளர்களுக்காக எழுதப்பட்டது என்றாலும், தளத்தின் அருகே இருப்பவர்களையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் காக்க முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்று தன் 13ஆம் உறுப்பில் சொல்கிறது. தளத்துக்கு வெளியே போகிறவர் பாதுகாப்பு விதிகளின் கணக்கில் வரமாட்டார் என்று நினைப்பவர்களுக்கு அந்த வரியைக் காட்டலாம்.

காலவரம்பு குறித்துச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் இதில் தவறினால் மற்ற எதுவும் உதவாது. தனியார்மீது வழக்குத் தொடுக்க இருக்கும் காலமும், அரசு அமைப்புமீது கோரிக்கை வைக்க இருக்கும் காலமும் பல இடங்களில் ஒன்றல்ல. கலிபோர்னியாவில் தனியார்மீது இரண்டு ஆண்டுகள், அரசு அமைப்புகளிடம் கோரிக்கை வைக்க ஆறு மாதங்கள்; நியூயார்க்கில் மாநகராட்சிக்குத் தர வேண்டிய முன்னறிவிப்புக்குத் தொண்ணூறு நாட்கள்; இங்கிலாந்தில் பொதுவாக மூன்று ஆண்டுகள். கால் கட்டைப் பிரிப்பதற்குள்ளேயே சில கதவுகள் மூடிவிடலாம். உள்ளாட்சி அமைப்பு இதில் வருமா வராதா என்று தெளிவாகாத நிலையிலேயே, இரண்டாம் வாரத்தில் அதற்கும் அறிவிப்பு அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு அதைக் கைவிட்டோம். இருந்தாலும் அனுப்பியது சரியே.

இனி குறைகள். மூன்றாம் மாதத்திலிருந்து மூத்த வழக்கறிஞரைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. என் கோப்பு அடுத்தடுத்து மூன்று இளையவர்களிடம் கைமாறியது. ஒவ்வொருவரிடமும் விபத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் முறிந்தது இடது கால் என்று வரைவில் எழுதியிருந்ததை நான்தான் கண்டுபிடித்துத் திருத்தினேன். வலியையும், செய்ய முடியாமல் போன வேலைகளையும் நாள்தோறும் குறித்துவைக்கச் சொன்னார்கள், குறித்துவைத்தேன். அந்தக் குறிப்பேட்டை யாரும் முழுவதும் படித்ததாகத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஐந்தாம் மாதத்தில் நேர்ந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒரு தொகையை முன்வைத்தது. ஏற்றுக்கொள்வது நல்லது என்று அப்போதைய இளைய வழக்கறிஞர் இரண்டு வாரங்களில் நான்கு முறை அழைத்தார். சமரச ஆவணத்தை வரிவரியாகப் படித்தபோது, இப்போது தெரிந்ததும் இனித் தெரியவருவதுமான எல்லாப் பாதிப்புகளுக்கும் சேர்த்து இதுவே முழுமையான, இறுதியான தொகை என்று அதில் இருந்தது. எலும்பு சிகிச்சை மருத்துவரோ, தகட்டை எடுக்க வேண்டுமா என்பதை ஓராண்டு கழித்துத்தான் சொல்ல முடியும் என்று என்னிடம் கூறியிருந்தார். கையெழுத்திட்டிருந்தால் இரண்டாம் அறுவை சிகிச்சையின் செலவும், அப்போது இழக்கும் ஊதியமும் என் தலையில் விழுந்திருக்கும். இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்க வேண்டியது அவர்களுடைய வேலை. அதை நான் செய்ய வேண்டியிருந்தது. மறுத்துவிட்டேன். பன்னிரண்டாம் மாதத்தில் தகட்டை எடுத்தார்கள். அந்தச் செலவையும் சேர்த்தே இறுதிச் சமரசம் அமைந்தது.

அவர்கள் ஏன் அவசரப்பட்டார்கள் என்பதற்கு என் ஊகம், கட்டண முறையில் இருக்கிறது. இழப்பீடு கிடைத்தால் மட்டும் அதில் ஒரு பங்கு என்ற ஏற்பாடு, கையில் பணமில்லாமல் படுக்கையில் கிடப்பவருக்கு வரம்தான். அது இல்லாவிட்டால் நான் வழக்கறிஞரை அணுகியிருக்கவே மாட்டேன். ஆனால் ஐந்தாம் மாதத்தில் முடிந்தாலும் பதினான்காம் மாதத்தில் முடிந்தாலும் அவர்களுடைய பங்கில் பெரிய வேறுபாடு இராது, உழைப்போ இரட்டிப்பாகும். அமெரிக்காவில் இந்தப் பங்கு முறை அன்றாட வழக்கம். இங்கிலாந்தில், தனிநபர் காய வழக்குகளில் வெற்றிக்கான கூடுதல் கட்டணத்துக்கு 2013ஆம் ஆண்டிலிருந்து உச்சவரம்பு இருக்கிறது. இந்தியாவில் இழப்பீட்டில் பங்கு பேசுவதை வழக்கறிஞர் மன்ற விதிகள் தடை செய்கின்றன. தடை சரியா என்பதில் எனக்கு உறுதியான கருத்தில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பங்கு மொத்தத் தொகையிலிருந்தா அல்லது செலவுகளைக் கழித்த பின்னா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. மொத்தத்திலிருந்துதான் எடுத்தார்கள்.

பொறுப்பு யார்மீது என்று தெரியாத விபத்தாக இருந்து, தளத்தில் சான்றுகள் இன்னும் அழியாமல் இருந்தால், முதல் நாளே இந்த மாதிரியான அலுவலகத்தை அணுகுவதில் பொருளிருக்கிறது. காயம் சிறிதாக இருந்து, ஒப்பந்ததாரரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், ஒருமுறை ஆலோசனை பெற்றுக்கொண்டு கடிதத்தை நீங்களே எழுதலாம். பங்கு கொடுக்க வேண்டியதில்லை. படங்கள், மருத்துவ அறிக்கைகள், ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை எப்போதும் உங்களிடமும் வைத்திருங்கள், ஏனெனில் கோப்பு கைமாறும்போது எனக்கு இரண்டு எக்ஸ்ரே படங்கள் தொலைந்தன. நிபுணர் அறிக்கைக்கும் ஆவண நகல்களுக்கும் என்று கழித்த தொகைக்கு இனவாரியான கணக்கை இரண்டு முறை எழுதிக் கேட்டிருக்கிறேன். இதை எழுதும் நாள்வரை வரவில்லை; வந்ததும் மதிப்பெண்ணை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுவேன்.